அரசுக்கு இடித்துரைத்த சட்டத்தரணி

சட்டத்தரணியின் தொழில் நீதிமன்றத்தோடு முடிந்துவிடுவதன்று. வர்த்தக உடன்படிக்கைகளை வரைவதற்கும், யுத்தம், சமாதானம் என்பவற்றின் சாதக பாதகங்களை ஆராய்வதற்கும் அரசாங்கங்கள் அவரை நாடுவதுண்டு. அத்தகைய ஆலோசகருக்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்கியவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் போல் என்பவராவர்.

1909ஆம் ஆண்டு அயோவா மாநிலத்திற் பிறந்த போல், சட்டம் பயின்று சிக்காகோ நகரிலே தொழில் புரிந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், நேச நாடுகளுக்குப் போர்த் தளபாடங்களும் உணவும் வழங்கிய கடன்-குத்தகைத் திட்டத்தின் சட்ட அலுவல்களிற் கடமையாற்றினார். பின்னர், ஜேர்மனிமீது நிகழ்ந்த குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த குழுவிலும் இடம்பெற்றார். இடையறாத குண்டுவீச்சுக்கு மத்தியிலும் 1944ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை அந்நாட்டின் ஆயுத உற்பத்தி பெருகியே வந்ததென அக்குழு கண்டது. இவ்வுண்மை அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது.

யுத்தத்தின் பின்னர், ஐரோப்பிய ஐக்கியத்துக்கு வித்திட்ட பிரெஞ்சு அறிஞர் ஜோன் மொனேக்குப் போல் சட்ட ஆலோசகராகத் துணைநின்றார். வர்த்தகத் தடைகள் குறைந்தால் நாடுகளுக்கிடையே பகைமையும் குறையும் என்பது அவரது கொள்கை. 1961ஆம் ஆண்டிலே ஜனாதிபதி கென்னடி அவரை இராஜாங்கத் திணைக்களத்திற் பொருளாதாரப் பொறுப்புக்கு நியமித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் அத்திணைக்களத்தின் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தார். 1962ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டம் உருவாவதற்கு அவரும் பெரிதும் உழைத்தார். பிறநாடுகளும் தத்தம் தீர்வைகளைக் குறைக்க இணங்குமாயின், அமெரிக்கத் தீர்வைகளைப் பாதியளவுவரை குறைக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஜனாதிபதிக்கு அளித்தது. 1964 முதல் 1967 வரை ஜெனீவாவில் நிகழ்ந்த பேச்சுவார்த்தைகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

வர்த்தகத் துறையில் ஏற்கப்பட்ட அவரது ஆலோசனை, பாதுகாப்புத் துறையில் ஏற்கப்படவில்லை. வியட்நாமிற் படைகளை இறக்கினால் ஐந்தாண்டுகளுள் 3,00,000 வீரர்கள் அங்கே சிக்குண்டிருப்பர் என்று 1961ஆம் ஆண்டிலேயே அவர் கென்னடியை எச்சரித்தார். கென்னடி அதனை நம்பவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வழக்குரை எழுதுவதுபோல ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து ஆராய்ந்து, 67 பக்கங்கள் கொண்ட அறிக்கையொன்றை அவர் எழுதினார். தென்வியட்நாம் அரசு உறுதியற்றது. குண்டுவீச்சினால் வட வியட்நாமின் மனவுறுதி தளராது. வீரர்கள் மடியத் தொடங்கியபின் பின்வாங்குவது அரிதாகிவிடும் என்பன அதன் சாரம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜனாதிபதி ஜோன்சன் அதனைப் படித்தார், போலுடன் விவாதித்தார், எனினும் ஏனைய மந்திரிகளின் யோசனையையே கைக்கொண்டார்.

1966ஆம் ஆண்டு போல் பதவி துறந்தார். அவ்வாண்டிறுதியில் வியட்நாமிலிருந்த அமெரிக்க வீரர் தொகை 3,80,000ஐயும் தாண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபோது, 58,000 வரையிலான அமெரிக்கரும், அவர்களிலும் பன்மடங்கு வியட்நாமியரும் உயிரிழந்திருந்தனர்.

பதவியிலிருந்த காலத்திற் போல் தமது மாறுபாட்டைப் பகிரங்கப்படுத்தவில்லை. அம்மௌனத்தைக் குறைகூறியோரும் உளர். உள்ளேயிருந்து உண்மை உரைக்க ஒருவராவது வேண்டுமே என்று அதற்கு நியாயம் கண்டோரும் உளர். 1994ஆம் ஆண்டு அவர் காலமானார். அரசன் விரும்புவதை உரைப்பவர் பலர். அவன் கேட்கவேண்டியதை ஆதாரத்தோடு எடுத்துரைப்பவர் சிலரே. அச்சொல்லைச் செவிமடுக்கும் பொறுப்போ ஆள்வோரைச் சார்ந்தது.