கூட்டாஞ்சோறும் பின்னக் கணக்கும்

பின்னம் என்றதும் அஞ்சுவோர் நம் கல்லூரியிலும் பலர் உளர். ஆயினும் சோற்றைப் பகுத்துண்ணத் தெரிந்த எவர்க்கும் பின்னம் புதியதன்று. இவ்வுண்மையை யாம் ஒரு விடுமுறை நாளில், மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே கடலோரத்தமைந்த பொம்மையார்பாளையத்தில், சிறுவர் ஆக்கிய கூட்டாஞ்சோற்றினிடத்தே கண்டோம்.

மூன்று வீட்டுப் பிள்ளைகள் எழுவர் கூடினர். முதல் வீட்டார் மூவர் அரைப்படி அரிசியும், இரண்டாம் வீட்டார் மூவர் காற்படியும், மூன்றாம் வீட்டுச் சிறுமி ஒருத்தி அரைக்காற்படியும் கொணர்ந்தனர். காற்படி வீட்டுச் சிறுவன் அவளை நோக்கி, "நீ கொஞ்சந்தானே கொண்டுவந்தாய்? கொஞ்சமாகவே தின்ன வேண்டும்" என்றான். அவள் தலை குனிந்தாள்.

மற்றொரு சிறுவன் மொத்த அரிசியை அறிய மணலில் 1/2 + 1/4 + 1/8 என்றெழுதி, மேலெண்களைத் தனியேயும் கீழெண்களைத் தனியேயும் கூட்டி, 3/14 படி என்றான். முதல் வீட்டார் தந்ததே அரைப்படியாயிருக்க, மொத்தம் காற்படிக்குங் குறைவது எங்ஙனம்? அளவு வேறுபட்ட கூறுகளை ஓரினமாக எண்ணியதே பிழை.

அருகிருந்த மூதாட்டியார் ஒருவர் ஆழாக்கை எடுத்து அளந்தார். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆகவே அரைப்படி 4, காற்படி 2, அரைக்காற்படி 1. ஆக 7 ஆழாக்கு, அதாவது 7/8 படி. "முக்காலே அரைக்கால்" என்றார் அவர். பின்னங்களை ஒப்பிடுதற்கும் கூட்டுதற்கும் முதற்கண் அவற்றை ஒரே அளவுள்ள சிறு கூறுகளாக்கல் வேண்டும் என்னும் விதி இதனால் விளங்கும். கீழெண் பெருகப் பெருகக் கூறு சிறுகும் என்பதும் அறிக.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு இதனையே பயிற்றினர். அவர்கள் ஒன்றை 320 முந்திரியாக வகுத்தனர். காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80. மாவும் காணியும் கூடியதே மாகாணி; பெயரே கூட்டற் கணக்காதல் காண்க. பதினாறணா ரூபாயில் ஓரணா மாகாணியே. 1957ஆம் ஆண்டில் நூறு காசு முறை வந்தபின் அவ்வழக்கு ஒழிந்தது.

ஆயினும் 320ஐ மூன்றால் வகுப்பின் 2 எஞ்சும். ஆதலின் மூன்றிலொன்றையும் நாலிலொன்றையும் கூட்டப் பன்னிரண்டு கூறு கொள்ளல் வேண்டும்: 4/12 + 3/12 = 7/12.

இனிச் சோற்றுக்கு வருவோம். ஏழு ஆழாக்கை எழுவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஓர் ஆழாக்கு. சிறுமி தந்தது ஓர் ஆழாக்கு. ஆகவே அவள் உண்பது தன் பங்கே. காற்படி வீட்டார் மூவர் தந்தது இரண்டு, உண்பதோ மூன்று. மிகுந்த ஒன்று அரைப்படி வீட்டார் அளித்தது. மூதாட்டியார் இதனை விரல்விட்டுக் காட்டவே, ஏசிய சிறுவன் நாணினான். முதலிலையை அவனே அச்சிறுமிக்கு இட்டான்.

தேர்வில் மதிப்பெண் தரும் பின்னக் கணக்கு, எளியார் பங்கையும் காக்கும் என்பதை யாம் அன்று கற்றோம்.