பழைய உறுப்பில் கட்டிய வண்டி: வாங்குமுன் கேட்க வேண்டியது

சென்னை யானைக்கவுனிப் பாலத்துக்குக் கீழே செல்லும் தடங்களில் நெடுங்காலம் ரயில் இழுத்த டீசல் இன்ஜின்களில் டபிள்யூ.டி.எம்.2 முக்கியமானது. 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான இந்த வகையின் திறன் 2,600 குதிரைத்திறன். சுமார் 18 ஆண்டுகள் உழைத்த இன்ஜின்களைப் பாட்டியாலா பணிமனையில் முழுதாகப் பிரித்து, தேறியதை வைத்துக்கொண்டு, தேய்ந்ததை மாற்றி, 3,100 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். உயர்த்தியவற்றை டபிள்யூ.டி.எம்.3ஏ என்று வேறு வகையில் சேர்த்தார்கள். எவ்வளவு சுமை இழுக்கும், எந்தப் பாகம் பொருந்தும் என்பதை ஓட்டுநரும் ஷெட் ஊழியரும் அந்தப் பெயரிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். மறுகட்டுமானத்தை ரயில்வே ஒளிக்கவில்லை, பதிவு செய்தது.

ஆட்டோ, மினி லாரி, பைக் வாங்கும் நமக்கும் இதே வெளிப்படை உரிமையாகச் சேர வேண்டும். விபத்தில் நொறுங்கிய ஒன்றின் சேசிஸ், இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவதின் பதிவுச் சான்று (ஆர்.சி.) என்று சேர்ந்த வண்டி ஓடும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது எந்த வண்டி என்றே சொல்ல முடியாது. விபத்து நேர்ந்தால், எண்கள் பொருந்தாததைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. பாகம் திருட்டு வண்டியுடையது என்று தெரிந்தால் வண்டி பறிமுதலாகும்; விவரம் அறியாமல் வாங்கியவருக்குத் தண்டனை இல்லாவிட்டாலும் பணம் போகும். சிதைந்துபோன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதும் இதனால்தான். ரத்தாகாத ஆர்.சி. வேறொரு வண்டிக்குப் போர்வையாகிவிடும்.

இப்படிக் கெடுபிடி செய்தால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி நியாயமானது. புது உதிரிபாகம் வாங்க முடியாத ஓட்டுநருக்கு அந்தக் கடைகள்தான் துணை. ஆனால் சட்டம் பழைய பாகத்தைத் தடுக்கவில்லை. அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ.வின் அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் ஏற்றலாம். அடிப்படை அமைப்பையே மாற்றுவதைத்தான் அது தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்றே சொன்னது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று பில்லில் எழுதித்தரும் கடைக்காரருக்கு இதில் நஷ்டமில்லை. எழுதாமல் மலிவாக விற்பவரோடு போட்டியிட வேண்டிய நிலைதான் அவரை இப்போது வதைக்கிறது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து, ஆர்.சி.யோடும் அரசின் பரிவாகன் இணையதளப் பதிவோடும் ஒப்பிடுங்கள். எண்ணைத் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விலகிவிடுங்கள். வாங்கிய பின் ஏமாற்று தெரியவந்தால், வியாபாரியின் மேல் நேரடியாகவே நடவடிக்கை உண்டு: மறுகட்டுமானம் செய்ததைப் புதியது என்று பொய் சொல்லி விற்பது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லியே முறையற்ற வணிகமாக்கப்பட்டிருக்கிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக வண்டி வாங்கியவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோரே. 1915 என்ற எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.