வரைந்த முகம் எதுவரை செல்லும்?

2025 ஜூலையில் நம் ஆரம்பாக்கத்தில் ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையை யாரும் மறக்கவில்லை. சிசிடிவியில் பதிந்த முகத்தைப் போலீஸ் எங்கும் பரப்பியது, ஐந்து லட்சம் சன்மானம் அறிவித்தது. இரண்டு வாரத்துக்குள் சூலூர்பேட்டையில் சந்தேக நபர் பிடிபட்டார். கேமரா இல்லாத இடமாக இருந்திருந்தால்? ஏரிக்கரையில் கேமரா ஏது? அங்கே, பார்த்தவர் சொல்வதைக் கேட்டு முகத்தை வரையும் ஓவியர்தான் வரவேண்டும்.

நல்ல ஓவியர் எடுத்தவுடன் பென்சிலைத் தொடமாட்டார். பார்த்தவரைப் பேசவிடுவார்: வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரம், அவன் என்ன செய்துகொண்டிருந்தான். அப்புறம்தான் முகவெட்டு, புருவம், மூக்கு. "மீசை இருந்ததா?" என்று கேட்கக் கூடாது, "உதட்டுக்கு மேலே எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். கேள்வியில் மீசை வந்தால் நினைவிலும் முளைத்துவிடும். அதனால்தான், பார்த்தவர் நாலு பேரிடம் கதை பேசுமுன் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும் என்கிறேன்.

இப்படிக் கிடைக்கும் படம் ஆளைத் தேடத்தான். குற்றத்தை நிரூபிக்க அது போதாது. பிடிபட்டவரை அவரைப் போலவே இருக்கும் பலரோடு நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதுவும் துணைச் சான்றுதான். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வதே சாட்சியம். பிடிபட்டவரின் போட்டோவைச் சாட்சி முன்பே பேப்பரில் பார்த்திருந்தால், "அன்று பார்த்த முகமா, பேப்பரில் பார்த்த முகமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்குவார். நியாயமான கேள்வி அது. அப்பாவி ஒருவர் உள்ளே போகாமல் காப்பதும் அதுதான். கைதானவரின் முகத்தை மூடி அழைத்து வருவது, சாட்சி முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே.

செத்தவர் முகத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. சரவண பவன் ஓட்டல் அதிபர் ராஜகோபால் மீதான கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 அக்டோபரில் கொடைக்கானல் மலைக்காட்டில் கிடைத்த உடலை, யாரென்று தெரியாமல் புதைத்துவிட்டார்கள். பிறகு தோண்டியெடுத்து, மண்டையோட்டின் படத்தை இறந்தவரின் போட்டோவோடு அதே கோணத்தில், அதே அளவில் பொருத்திப் பார்த்தார்கள்: கண்குழி கண்ணோடு சேர்கிறதா, மூக்கடி, பல்வரிசை, தாடை ஒத்துப்போகிறதா என்று. டி.என்.ஏ. சோதனை செய்யவில்லையே என்று மேல்முறையீட்டில் வாதம் வந்தது. மண்டையோட்டைப் பொருத்திப் பார்க்கும் முறை பிழையே இல்லாதது அல்ல, நிபுணர் கருத்தாக மற்ற சான்றுகளுக்குத் துணை நிற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம், 2019-இல். உடையையும் போட்டோக்களையும் பார்த்துக் குடும்பத்தார் அடையாளம் காட்டியதும் சேர்ந்ததால் இறந்தவர் இன்னார் என்பது நிலைத்தது. ராஜகோபாலின் ஆயுள் தண்டனையும் உறுதியானது.