ஜார் மண்ணில் ஒரு டெலிபோன் பட்டறை: எரிக்சனின் ரஷ்ய நாட்கள்

எடுத்த எடுப்பிலேயே ஒரு சேதி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இன்று ஸ்டாக்ஹோமின் அடையாளமாக உலகம் பார்க்கும் எரிக்சன் நிறுவனம், ஒரு காலத்தில் தன் தலைமையகத்தையே ரஷ்யாவுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று யோசித்தது. ஆமாம், ஜார் மன்னர் ஆண்ட ரஷ்யாவுக்குத்தான்! அந்த அளவுக்கு ஆர்டர்கள் அங்கே குவிந்துகொண்டிருந்தன.

செல்போன் கோபுரங்களில் எரிக்சன் என்ற பெயரைப் பார்த்திருப்போம். அதன் ரஷ்யக் கிளைக்குள் நுழைந்து பார்த்தால் ஜார் அரசின் சுங்க வரி, நீண்ட கைகள் கொண்ட இளம்பெண்கள், கண்ணடித்த குதிரைவீரன், புரட்சிக்குப் பிறகு திரும்பி வந்த பழைய முதலாளி என்று ஒரு நாவலுக்கான சரக்கே கொட்டிக் கிடக்கிறது. வாருங்கள், உள்ளே போவோம்.

கால்களுக்குள் ஒளிந்த காந்தம்

லார்ஸ் மாக்னஸ் எரிக்சன் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. 1846-இல் ஸ்வீடனின் வார்ம்லாந்து பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கூலி வேலைக்குப் போனவர். பிறகு கருவித் தொழில் கற்று, ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1876-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு சின்ன இடத்தில் தந்திக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை போட்டார். டெலிபோன் செய்யத் தொடங்கியபோது, அதற்கான செம்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றிக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஹில்டா. இன்றைய பிரம்மாண்ட நிறுவனம் அந்தக் குடும்ப உழைப்பில் முளைத்ததுதான்.

அவர்கள் செய்த மேசை டெலிபோனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1892-ஆம் ஆண்டு மாடலுக்குப் பெட்டியே கிடையாது. உள்ளே இருக்கும் எல்லாமே வெளியே தெரியும். வளைந்து இறங்கும் நான்கு அழகான கால்களும் வெறும் அலங்காரம் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் காந்தங்களே அந்தக் கால்கள்! அழகும் வேலையும் ஒரே இரும்பில். நூறாண்டு கடந்தும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைவதில் வியப்பே இல்லை.

வரி கட்டுவதா, ஆலை கட்டுவதா?

ரஷ்யாவில் டெலிபோனை முதலில் பரப்பியது பெல் கம்பெனி. 20 ஆண்டு உரிமம் வாங்கி, 1882-இல் மாஸ்கோவில் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. முதல் நாளில் சந்தாதாரர்கள் 26 பேர். ஆண்டுக் கட்டணம் 250 ரூபிள்! வங்கிக்காரரும் பெரிய வியாபாரியும் மட்டுமே நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அது.

எரிக்சன் வேறு வழியில் வந்தது. எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறவர்களுக்கும் நகரங்களுக்கும் கருவி விற்றது. 1893-இல் கீவ் நகரத்திலிருந்து பெரிய ஆர்டர் கிடைத்தது. கார்கிவ், ரீகா, கசான், திஃப்லிஸ் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்டாக்ஹோமில் செய்து, பெட்டி கட்டி, கப்பலேற்றி அனுப்பவேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் இடித்தது. 1891-இல் ரஷ்யா இறக்குமதிச் சுங்க வரியைக் கண்டபடி உயர்த்தியிருந்தது. அந்த வரித் திட்டத்தை வகுக்க உதவியவர் யார் தெரியுமா? பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் நாம் சந்தித்த அதே மெண்டலீவ்! தனிம அட்டவணை தந்த மூளை, வெளிநாட்டுச் சரக்குக்குப் போடும் வரிக்கும் கணக்குப் போட்டிருக்கிறது.

நிதியமைச்சர் செர்கேய் வித்தேயின் கொள்கை எளிமையானது: வெளிநாட்டுச் சரக்கு வெளியே நிற்கட்டும், வெளிநாட்டு முதலீடு உள்ளே வரட்டும். 1897-இல் அவர் ரூபிளுக்குத் தங்க மதிப்பை நிலைநிறுத்தினார். அதே ஆண்டில் எரிக்சன் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உற்பத்தியைத் தொடங்கியது. நகரின் வடக்கே, தொழிலாளர் நிறைந்த வைபோர்க் பகுதியில், பல்ஷோய் சம்ப்சோனியெவ்ஸ்கி சாலையில் அதன் ஆலை எழும்பியது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் ஷ்மிட். ஜார் குடும்பத்துக்கு ரத்தின முட்டைகள் செய்து கொடுத்த ஃபபெர்ஜேயின் மாளிகையைக் கட்டியவரும் இவரே! பொற்கொல்லருக்கும் டெலிபோன்காரருக்கும் ஒரே ஆர்க்கிடெக்ட்.

அங்கிருந்து வெளிவந்த கருவிகளில் ரஷ்ய எழுத்தில் எரிக்சன் பெயரும் பீட்டர்ஸ்பர்க் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டன. வாங்குகிறவருக்கு அது உள்ளூர்ச் சரக்கு. அதே நகரில் சீமென்ஸும் கெய்ஸ்லரும் ஆலை வைத்துப் போட்டி போட்டார்கள், எரிக்சன் அசரவில்லை.

மில்யுதின்ஸ்கி சந்தின் கண்ணுக்குத் தெரியாத ராணிகள்

இப்போது மாஸ்கோ. 1901-இல் பெல் கம்பெனியின் 20 ஆண்டு முடிந்தது. சந்தாதாரர் எண்ணிக்கை மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. அரசு புதிதாக ஏலம் விட்டது. நிபந்தனையைக் கேளுங்கள்: மக்களிடம் யார் குறைவாகக் கட்டணம் வாங்குவார்களோ அவர்களுக்கே உரிமம். வென்றது ஸ்வீடிஷ்-டேனிஷ்-ரஷ்ய டெலிபோன் கம்பெனி. அதன் பின்னால் நின்றவர் ஹென்ரிக் தோரே செடர்கிரென். ஸ்டாக்ஹோமில் எரிக்சனுக்கு வாடிக்கையாளராகவும் போட்டியாளராகவும் மாறிமாறி இருந்தவர். கட்டணம் 250 ரூபிளிலிருந்து 79 ரூபிளுக்கு இறங்கியது. ஒரே அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே! டாக்டரும் வக்கீலும் கடைக்காரரும் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

மில்யுதின்ஸ்கி சந்து, 5-ஆம் எண். அக்கால மாஸ்கோவின் உயரமான கட்டடங்களில் ஒன்று அங்கே எழுந்தது. அதன் நுழைவு வளைவில் இரண்டு கல் முகங்கள் உண்டு. ஒரு பக்கம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்தும் ஆண் சந்தாதாரர், மறுபக்கம் டெலிபோன் பெண். வாடிக்கையாளர் சேவையின் நித்தியக் காட்சியை வாசலிலேயே கல்லில் வடித்துவிட்டார்கள்!

உள்ளே அரங்கில் வரிசையாக உயரமான பலகைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சிறு துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு சந்தாதாரர். முன்னால் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் பெண்களை ரஷ்யாவில் பாரிஷ்னியா என்று கூப்பிடுவார்கள். நீங்கள் வீட்டில் ரிசீவரை எடுத்ததும் பலகையில் உங்களுக்கான அடையாளம் விழிக்கும். அந்தப் பெண் ஒரு பிளக்கைச் செருகி, என்ன எண் வேண்டும் என்று கேட்பார். பிறகு ஜோடியின் இன்னொரு பிளக்கை எடுத்து, நீங்கள் கேட்ட எண்ணின் துளையை நோக்கிக் கையை நீட்டுவார்.

இதில்தான் எனக்குப் புல்லரிக்கும் நுட்பம் இருக்கிறது. ஒரே சந்தாதாரருக்குப் பலகை வரிசை நெடுகிலும் திரும்பத் திரும்பத் துளைகள் வைத்திருப்பார்கள். எந்தப் பெண்ணும் இடத்தைவிட்டு எழாமலே அவரை எட்டுவதற்காக. ஆனால் நான்கு இருக்கை தள்ளி இருப்பவர் அதே எண்ணை ஏற்கெனவே இணைத்திருந்தால்? அது எப்படித் தெரியும்? பிளக்கின் முனையால் துளையின் விளிம்பை லேசாகத் தொடுவார். காதில் மாட்டிய கருவியில் ஒரு 'டிக்' கேட்டால் லைன் பிஸி. கேட்காவிட்டால் செருகலாம். கணினி இல்லை, திரை இல்லை. ஒரு தொடுகை, ஒரு சத்தம், அவ்வளவுதான்!

இந்த வேலைக்கு ஏன் உயரமான, கை நீண்ட, கல்யாணமாகாத இளம்பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள் என்பதும் இப்போது பாதி விளங்கும். பலகையின் உச்சித் துளையை எட்டவேண்டுமே. மறுபாதி அந்தக் காலத்து முதலாளிகளின் கணக்கு: குடும்பச் சுமை இல்லாதவர் கவனம் சிதறமாட்டார் என்று நினைத்தார்கள். மணிக்கணக்கில் ஹெட்போனைச் சுமந்து, நிமிடத்துக்கு நிமிடம் கை நீட்டி, கத்துகிறவரிடமும் கனிவாகப் பேசிய அந்தப் பெண்கள்தான் எக்ஸ்சேஞ்சின் உண்மையான இயந்திரம். புரட்சிக் காலம் நெருங்கியபோது மாஸ்கோ எக்ஸ்சேஞ்ச் 60,000 எண்கள் என்ற அளவுக்கு வளர்ந்து, ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக நின்றது. பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்கே.

கண்ணடித்த குதிரைவீரன்

முதல் உலகப்போர் வந்தது. போர்முனைக்கு டெலிபோன் வேண்டும். சம்ப்சோனியெவ்ஸ்கி ஆலை ராணுவ வேலையில் மூழ்கியது. அதே சமயம் ஆலைக்குள் வேறொன்றும் சூடேறிக்கொண்டிருந்தது. நுட்பமான கருவி செய்பவர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள். வைபோர்க் பகுதியின் அரசியல் கொதிப்பில் எரிக்சன் தொழிலாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

1917 பிப்ரவரி, பெட்ரோகிராட் (பெயர் மாறிய பீட்டர்ஸ்பர்க்தான்). எரிக்சன் ஆலையிலிருந்து ஏறத்தாழ 2,500 பேர் காலைக் கூட்டம் முடித்துச் சாலையில் இறங்குகிறார்கள். குறுகலான ஓரிடத்தில் எதிரே கொசாக் குதிரைப்படை! அதிகாரிகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னேறுகிறார்கள். பின்னால் வரும் வீரர்களோ ஒற்றை வரிசையாக, யாரையும் மிதிக்காமல், திறந்த பாதை வழியே மெல்லப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் தொழிலாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆலையின் போல்ஷெவிக் தொழிலாளி கயூரோவ் சொன்னதை வைத்து ட்ராட்ஸ்கி தன் புரட்சி வரலாற்றில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஜார் ஆட்சி சில நாட்களில் கவிழ்ந்தது. ஒரு டெலிபோன் கம்பெனியின் வாசலருகே வரலாறு கண்ணடித்துவிட்டுப் போயிருக்கிறது!

இன்னொன்றையும் கேளுங்கள். அதே ஆண்டு அக்டோபரில், புரட்சிக்கு முந்தைய நாட்களில் லெனின் ரகசியமாகத் தங்கியிருந்த வீடும் இதே சம்ப்சோனியெவ்ஸ்கி சாலையில்தான், இன்னும் சற்று வடக்கே ஒரு மூலையில். அங்கிருந்துதான் அவர் புரட்சியின் தலைமையிடமான ஸ்மோல்னிக்குக் கிளம்பினார். மாஸ்கோவில் சண்டை மூண்டபோது மில்யுதின்ஸ்கி சந்தின் எக்ஸ்சேஞ்சுக்காகவே ரத்தம் சிந்தியது. ராணுவப் பள்ளி மாணவர்கள் பிடித்து வைத்திருந்த கட்டடத்தைச் செங்காவலர்கள் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்கள். ஊரைப் பிடிக்கிறவர் முதலில் பிடிக்கவேண்டிய இடங்களில் எக்ஸ்சேஞ்சும் ஒன்று என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

பெயர் மாறியது, பாடம் தொடர்ந்தது

பிறகு ஆலை அரசுடைமை ஆனது. தலைமையகமே வரலாம் என்றிருந்த நாட்டில் எரிக்சனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பட்டறை புதுப் பெயர் சூடியது: 'கிராஸ்னயா ஸர்யா', செவ்விடியல். சாலைக்கும் கார்ல் மார்க்ஸ் பெயர் வந்தது.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த திருப்பம். 1920-களில் சோவியத் அரசுக்கு ஆபரேட்டர் இல்லாத தானியங்கி எக்ஸ்சேஞ்ச் தேவைப்பட்டது. கட்டடம் இருந்தது, தொழிலாளர்கள் இருந்தார்கள், புதிய நுட்பம் இல்லை. யாரிடம் போனார்கள்? எரிக்சனிடம்! யாருடைய ஆலையை எடுத்துக்கொண்டார்களோ, அவர்களிடமே தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம்.

வாங்கியது 500 லைன் செலக்டர் என்ற அற்புதம். உறையில்லாத கம்பிகள் கட்டிய 25 சட்டங்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொரு சட்டத்திலும் 20 லைன்கள். நடுவிலுள்ள கை முதலில் சுழன்று சரியான சட்டத்தின் எதிரே நிற்கும். பிறகு நேராக உள்ளே நீண்டு சரியான கம்பியைத் தொடும். பாரிஷ்னியாவின் கைநீட்டலை இரும்பு கற்றுக்கொண்டதுபோல! 1929-இல் ரஸ்தோவ் நகரத்திலும் 1930-இல் மாஸ்கோவிலும் இந்த முறையில் தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் உயிர்பெற்றன. 'செவ்விடியல்' ஆலை சோவியத் டெலிபோன் துறையின் முதுகெலும்பாயிற்று.

மூன்றாவது வருகையும் விடைபெறலும்

சோவியத் யூனியன் கலைந்தபின் எரிக்சன் மறுபடி வந்தது, இம்முறை செல்போன் வலையமைப்போடு. நோக்கியாவும் ஹுவாவேயும் பக்கத்தில் நின்றன. ரஷ்யாவின் பெரிய ஆபரேட்டர்களின் கோபுரங்களில் இவர்கள் பெட்டிகள் ஏறின. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஏப்ரலில் எரிக்சன் தன் ரஷ்யத் தொழிலைக் காலவரையின்றி நிறுத்திவைத்து, அதற்காக 90 கோடி ஸ்வீடிஷ் குரோனாவை இழப்புக் கணக்கில் ஒதுக்கியது. அதே நாட்களில் நோக்கியாவும் வெளியேறுவதாக அறிவித்தது. ஜார் நிர்வாகத்துக்குக் கருவி விற்ற கம்பெனி, ஒரே நூற்றாண்டுச் சொச்சத்தில் இரண்டாம் முறையாகத் தன் ரஷ்யக் கடையை மூடியது.

இந்த வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. தொலைத்தொடர்புக் கருவி விற்பது வியாபாரம் மட்டுமல்ல. கருவி ஒரு நாட்டின் பேச்சுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் அரசு மாறும்போதெல்லாம் புதிய அரசின் முதல் கண் அந்தக் கருவியின்மேல் விழுகிறது. ஆலையைக் கைப்பற்றலாம், பெயரை மாற்றலாம். அடுத்த தலைமுறைக் கருவியின் நுட்பத்தை மட்டும் கைப்பற்ற முடியாது; ஒன்று காசு கொடுத்து வாங்கவேண்டும், அல்லது பொறுமையாகக் கற்கவேண்டும். 1920-களில் சோவியத் ரஷ்யா இரண்டையும் செய்தது.

ஆகவே, ஏதோ ஒரு வெளிநாட்டு டெலிகாம் கம்பெனி ஏதோ ஒரு நாட்டுக்குள் நுழைகிறது, அல்லது வெளியேறுகிறது என்ற செய்தியை அடுத்தமுறை படிக்கும்போது, முதலீட்டுத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கருவியைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த எத்தனை பேர் அந்த மண்ணில் உருவானார்கள் என்று கேளுங்கள். ஒரு நாட்டுக்கு மிச்சமாவது அவர்கள்தான்.