இஸ்திரிப் பெட்டி கொதிக்கிறது. அதன் வயர் ஏன் சுடுவதில்லை?

இரண்டிலும் ஓடுவது ஒரே மின்சாரம்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அகலமான ரத வீதியில் எல்லோரும் சுலபமாக நடக்கிறார்கள். அதே கூட்டம் குறுகிய சந்தில் நுழைந்தால்? இடி, நெரிசல், புழுக்கம்!

வயரில் உள்ள செம்புதான் ரத வீதி. பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பிதான் சந்து. அந்த நெரிசலே மின்தடை.

கணக்குப் போடுவோமா? வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். பெட்டி இழுப்பது சுமார் 4.3 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது தடை: ஏறக்குறைய 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன்: கிட்டத்தட்ட 1000 வாட்.

வயரின் தடையோ சுமார் 0.1 ஓம். அதில் வெப்பமாவது 2 வாட் அளவே!

உங்கள் வயர் சுடுகிறதா? உள்ளே செம்பு இழைகள் அறுந்து, பாதை குறுகியிருக்கலாம். உடனே மாற்றிவிடுங்கள்.