தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் அது. ஓய்வுபெற்ற பணத்தில் அப்பா வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். தோல் சீட் வைத்த கார். எங்கள் தெருவில் அப்போது அதுவே பெரிய விஷயம். ஆனால் சீட் வறண்டு, வெளுத்துப்போய்க் கிடந்தது. ‘தோல் செருப்புக்கே எண்ணெய் போடுறோம், சீட்டுக்குப் போட்டா என்ன?’ என்று பாட்டி கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெயைத் தடவி அழுத்தித் தேய்த்தேன். சாயங்கால வெயிலில் சீட் பளபளவென்று மின்னியது. அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பாவை அந்த காரில்தான் அழைத்துவந்தோம். மண்டப வாசலில் இறங்கியவரின் பட்டு வேட்டியில் பின்பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாதான் அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கறை வேட்டியோடு போகவில்லை. இரண்டு மாதத்தில் சீட் முழுக்கத் தூசி அப்பி, கறுப்பாகப் பிசுபிசுத்தது. கதவைத் திறந்தால் சிக்கு வாடை. மார்கழிக் காலையில் தையல் இடுக்குகளில் எண்ணெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது. கடைசியில் குஷன் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சீட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தாளிச்சு விட்டீங்களா?” என்றார்.

அவரிடம்தான் செருப்புத் தோலுக்கும் கார் சீட் தோலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலையே நம்பி வாழும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இயங்குகிறது. இருந்தாலும் நம் காரில் இருக்கும் தோலைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தோலைப் பதப்படுத்தும்போதே அதன் நார்களுக்குள் எண்ணெயை ஊட்டிவிடுகிறார்கள். மெத்தென்று வளைந்துகொடுப்பதற்குக் காரணம் அதுதான். கார் சீட்டுக்கான தோல் என்றால் அதன்மேல் நிறம் பூசி, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத பாலியூரித்தேன் பூச்சு ஒன்றும் கொடுப்பார்கள். நாம் தினமும் உட்கார்ந்து எழுவது அந்த மெல்லிய பூச்சின் மேல்தான். நாம் தடவும் சமையல் எண்ணெய் அதைத் தாண்டி ஒழுங்காக உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். வெடிப்பு, தையல், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கசிந்து உள்ளே போய்ச் சிக்குப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். உங்கள் காரில் இருப்பது தோல்தானா என்று முதலில் பாருங்கள். இங்கே விற்கும் பல கார்களில் ‘லெதரெட்’ என்று சொல்லப்படுவது செயற்கைத் தோல். நாம் ரெக்சின் என்கிறோமே, அதன் நாகரிகமான தம்பி. சில கார்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் நிஜத் தோலாக இருக்கும், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் செயற்கை. காரோடு வந்த கையேட்டில் பெரும்பாலும் இது இருக்கும். இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். பின்புறம் துணி நெசவு தெரிந்தால் செயற்கை. மெல்லிய ரோமம்போல நார் நாராகத் தெரிந்தால் பெரும்பாலும் தோல். செயற்கை என்றால் கண்டிஷனருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். துடைத்தாலே போதும்.

தோல் சீட்டுக்கு முதல் எதிரி மண். பொடி மணல் மடிப்புகளில் உட்கார்ந்துகொண்டு, நாம் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்புக் காகிதம்போலப் பூச்சைத் தேய்க்கிறது. அதனால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே வேக்குவம் போட்டு, தையல் இடுக்கில் இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வேக்குவம் இல்லாதவர்களுக்கு மெத்தென்ற பெயின்ட் பிரஷ் போதும்.

பிறகு தோலுக்கென்றே விற்கும் கிளீனர். துணி சோப்பு வேண்டாம். தோல் அமிலப் பக்கம் சாய்ந்த பொருள், சோப்புக் கட்டி காரம். கிளீனரைச் சீட்டின் மேல் நேராக அடிக்காமல், பிரஷ்ஷிலோ மைக்ரோஃபைபர் துணியிலோ அடித்து, ஒரு முழம் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மென்மையாகச் சுழற்றித் தேயுங்கள். நுரை அழுக்காக மேலே வந்ததும், அது காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். புதிதாக எது வாங்கினாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பது நல்லது. துணியில் சீட்டின் நிறம் ஒட்டிவந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட சீட்டில் தண்ணீரோ கிளீனரோ ஊற்றவே கூடாது. உள்ளே ஸ்பாஞ்ச் நனைந்தால் வாடை போகாது. சீட்டுக்கு அடியில் சென்சார், ஏர்பேக் ஒயர்களும் ஓடுகின்றன.

நம் ஊர்க் கார்களில் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஹெட்ரெஸ்ட். தலைக்கு எண்ணெய் வைக்கும் குடும்பம் என்றால் அங்கே ஒரு கறுப்பு வட்டம் நிச்சயம். அடுத்தது புது ஜீன்ஸ். வெளிர் நிற சீட்டில் அதன் நீலம் ஏறினால் சீக்கிரம் துடைக்க வேண்டும், நாள் ஆக ஆகப் போவது கஷ்டம். சானிடைசர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பூச்சையே கரைத்துவிடக் கூடியவை. கறை போய்விட்டதே என்று சந்தோஷப்படும்போது நிறமும் சேர்ந்து போயிருக்கும்.

கண்டிஷனர் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மேலே பூச்சு இருக்கும் சீட்டில் அது செய்யும் வேலை, டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு இருக்காது. கொஞ்சம் மென்மை தரும், உரசலைக் குறைக்கும், சிலவற்றில் வெயிலைத் தடுக்கும் பொருளும் இருக்கும். அதற்காக வருடத்துக்கு மூன்று நான்கு முறை, சுத்தம் செய்து நன்றாக உலர்ந்த சீட்டில், நாணயம் அளவு எடுத்து மெலிதாகத் தடவி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளீனரை வாங்குங்கள். டேஷ்போர்டு பாலிஷைச் சீட்டில் போடாதீர்கள். பளபளக்கும், பிரேக் பிடித்தால் ஆளும் வழுக்குவார்.

வெயில்தான் பெரிய கணக்கு. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். அந்தச் சூட்டில் தோல் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டு இறுகுகிறது. கண்ணாடிக்கு ஒரு மடக்குத் தட்டி வைப்பது எந்த கண்டிஷனரையும்விடப் பலன் தரும். ஐப்பசி மழையில் பிரச்னை தலைகீழ். பூட்டியே வைத்த காரில் பூஞ்சை பூக்கும். அதை உலர்ந்த துணியால் காருக்குள்ளேயே தட்டினால் எல்லா சீட்டுக்கும் பரவும். கதவுகளைத் திறந்துவைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டத்தில் உலர விடுங்கள்.

எங்கள் சீட்டுக்கு அந்தப் பெரியவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். எண்ணெய் ஏறிய மேல்பரப்பை நான்கு முறை கழுவித் துடைத்தார். அப்பா ஏறி இறங்கும் பக்கத்து ஓரத்தில் பூச்சு வெடித்துத் தோலே தெரிந்தது. “இதுக்கு நீங்க எதைத் தடவினாலும் மூடாது தம்பி” என்று சொல்லி, இடுக்கில் பசை நிரப்பி நிறம் பூசிக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு கோடு தெரியும்.

அந்த கார் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அக்காவின் மாமனார் ஊருக்கு வந்தால் அதில்தான் ஏறுவார். ஏறும் முன்பு உள்ளங்கையால் சீட்டை ஒருமுறை தடவி, கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.