புரோக்கர் யார் பக்கம்?

"அண்ணே, அருமையான வீடு! தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும். இன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். வேறு பார்ட்டி காத்திருக்கிறது!"

மணலியில் வீடு தேடிப் போகிறவர் காதில் முதலில் விழுவது இந்தப் பேச்சுதான். பேசுகிறவர் புரோக்கர். உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறார். வெயிலில் அலைகிறார். "நமக்காக எவ்வளவு பாடுபடுகிறார்!" என்று மனம் இளகிவிடும்.

ஆனால், அவர் யாருடைய ஆள்?

மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. பிறகு உரத் தொழிற்சாலை வந்தது. வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே குடியேறினார்கள். பக்கத்தில் மணலி புதுநகர் எழுந்தது. 2011-ல் மணலி, சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மனை விலை ஏறியது. விலை ஏறும் இடத்தில் புரோக்கருக்கு என்ன பஞ்சம்?

இரண்டு கையிலும் கமிஷன்

விற்கிறவரிடம் ஒரு கமிஷன், வாங்குகிறவரிடம் ஒரு கமிஷன். இதுதான் வழக்கம். ஒரு சதவீதமோ, இரண்டு சதவீதமோ பேசிக்கொள்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 40 லட்சம். இரு பக்கமும் இரண்டு சதவீதம் என்றால், புரோக்கருக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கிடைக்கும். அவர் பேரம் பேசி உங்களுக்கு 2 லட்சம் குறைத்துக் கொடுத்தால்? உங்களுக்கு 2 லட்சம் லாபம். அவருக்கோ 8 ஆயிரம் நஷ்டம்! பேரம் முறிந்தால் எல்லாமே போய்விடும்.

எல்லாப் புரோக்கர்களையும் குறை சொல்வதற்கில்லை. பத்திரம் முடிகிறவரை கூடவே நின்று உதவும் நல்லவர்களும் உண்டு. ஆனாலும் பிராவிடண்டு பண்டையும் மனைவியின் நகையையும் சேர்த்து வைத்து வருகிறவர், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. உங்களுக்காக வேலை செய்ய ஒப்புக்கொண்ட ஏஜெண்டு, தன் சொந்த மனையையே வேறொருவர் மனை என்று மறைத்து உங்கள் தலையில் கட்டினால், அந்த வியாபாரத்தை நீங்கள் ஏற்க மறுக்கலாம். ஆனால், அவர் உங்கள் ஏஜெண்டுதான் என்பதற்கு எழுத்து எங்கே? வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை போட்டாலும், எட்டு வீட்டுக்கு மேல் அடுக்குமாடி கட்டினாலும் பதிவு செய்யவேண்டும். அவற்றை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு செய்யவேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம்! புக்கிங் செய்யும்போது, நீங்கள் பார்க்கவேண்டிய விவரங்களும் தஸ்தாவேஜுகளும் உங்களுக்குக் கிடைக்கும்படி செய்வதும் அவர் கடமை.

பழைய வீட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. மணலியின் சந்துகளில் நடப்பது பெரும்பாலும் அந்த வியாபாரம்தான்! அங்கே மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை நீங்களேதான் பார்க்கவேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பத்திரத்தின் ஜெராக்ஸை மட்டும் காட்டினால், "அசல் எங்கே?" என்று கேளுங்கள். அசல் அடகில் இருக்கலாம்.

அமெரிக்காவில்

வாங்குகிறவருக்கென்றே தனி ஏஜெண்டு அமெரிக்காவில் உண்டு. அவருக்கும் விற்கிறவர் பணத்திலிருந்தே கமிஷன் போய்க்கொண்டிருந்தது. வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். ஏஜெண்டுகள் சங்கம் சுமார் 42 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டு முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கூலி எவ்வளவு என்று வாங்குகிறவரிடம் எழுதி வாங்கவேண்டும்.

இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால், ஒரு தாளில் எழுதிக் கேட்பதை யார் தடுக்கிறார்கள்? "அந்தப் பக்கமும் கமிஷன் உண்டா?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.

இன்னொன்று. 2015-லும் 2021-லும் மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர் கழிமுகம் வரை போயிற்று. தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். புரோக்கர் பெரும்பாலும் சித்திரையில்தான் கூட்டிப்போவார்!